பத்திரத்தில் எழுதிய விலக்கு

சென்னையில் நம் பிள்ளைகள் வாடகை வீடு தேடிப் போனால் கேட்கும் பதில் இப்போது மாறிவிட்டது. முன்பெல்லாம் வீட்டுக்காரரே “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார். இப்போது அவர் நல்லவராகிவிட்டார். “எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, அசோசியேஷன்ல ஒத்துக்க மாட்டாங்க” என்கிறார். யார் இந்த அசோசியேஷன்? அதன் விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? இதைப் புரிந்துகொள்ள, வீட்டு உரிமையாளர் சங்கங்கள் செழித்து வளர்ந்த அமெரிக்காவுக்குக் கொஞ்சம் போய்வர வேண்டும்.

வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கும் தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது என்று கெண்டகி மாநிலத்தின் லூயிவில் நகரம் சட்டமே போட்டிருந்தது. 1917-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசு செய்யக்கூடாது என்றானதும் அந்த வேலையை மனை விற்பவர்களும் தெருச் சங்கங்களும் முன்னைவிட மும்முரமாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் எத்தனை அடி விட வேண்டும் என்ற விதிக்குப் பக்கத்திலேயே, கறுப்பருக்கு விற்கவோ குடிவைக்கவோ கூடாது என்ற நிபந்தனையும் பத்திரத்தில் ஏறியது. மனை எத்தனை கைமாறினாலும் நிபந்தனை மனையோடு போகும். இது தனியார் ஒப்பந்தம், அரசியல் சட்டத்துக்கு இங்கே வேலையில்லை என்று 1926-இல் அதே உச்சநீதிமன்றம் கைகழுவியது.

செயிண்ட் லூயிஸ் நகரத்தின் லபாடி அவென்யூவில் இப்படி ஓர் ஒப்பந்தம் 1911-லேயே இருந்தது. 39 உரிமையாளர்களில் 30 பேர் கையெழுத்திட்டார்கள். கறுப்பரும் ‘மங்கோலிய இனத்தவரும்’ 50 ஆண்டுகளுக்கு அங்கே குடியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கையெழுத்துப் போட்ட நாளில் அந்தப் பகுதியின் ஐந்து மனைகள் கறுப்பருக்குச் சொந்தமாக இருந்தன. அதில் ஒன்றில் 1882 முதலே கறுப்பர் குடியிருந்தார்கள். ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருப்பவனை இல்லாதவனாக்கி எழுதுவது எப்படி என்று ஊருக்கும் சேரிக்கும் நடுவில் வளர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1945-இல் ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே ஒரு வீட்டை வாங்கியது. அந்தப் பகுதிச் சங்கத்தின் ஆதரவோடு கிரேமர் குடும்பம் வழக்குப் போட்டது. மிசௌரி மாநில உச்சநீதிமன்றம் ஷெல்லி குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கு வாஷிங்டனுக்குப் போனது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுப் பத்திரங்களிலேயே இந்த நிபந்தனை இருந்ததுதான் காரணம் என்று ஊரே பேசிக்கொண்டது.

1948 மே 3 அன்று மீதி ஆறு பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். தனியார் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்வதை அரசியல் சட்டம் தடுக்காது. ஆனால் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு குடும்பத்தை வெளியேற்ற நீதிமன்றம் உத்தரவிட்டால், அது அரசின் செயல். அதைச் செய்யக் கூடாது. பாதிக் கதவுதான் திறந்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968 ஏப்ரலில்தான், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அகமதாபாத்தில் ஒரு பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம். பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது அதன் துணைவிதி. உறுப்பினர் ஒருவர் பார்சி அல்லாத கட்டுமான நிறுவனத்துக்கு விற்க முயன்றார், வழக்கு டெல்லிவரை போனது. கூட்டுறவுச் சங்கம் அரசு அல்ல, அடிப்படை உரிமைகளைக் காட்டி அதன் துணைவிதியை நீக்க முடியாது என்று 2005 ஏப்ரலில் நம் உச்சநீதிமன்றம் சொன்னது. துணைவிதியைப் பதிவுசெய்து கொடுப்பவர் அரசின் பதிவாளர்தானே, அது அரசின் செயல் ஆகாதா என்ற கேள்வி நமக்கு இன்னும் இருக்கிறது.

எண்ணிக்கையில் சுருங்கிவரும் ஒரு சிறுபான்மை சேர்ந்து வாழ நினைப்பதும், ஆதிக்கச் சாதிகள் நம்மை விலக்குவதும் ஒன்றல்ல. அதை ஒப்புக்கொள்கிறோம். (1917-இல் பரோடாவின் பார்சி விடுதியிலிருந்து அண்ணல் அம்பேத்கரைத் தடிகளோடு வந்து வெளியேற்றியதையும் நாம் மறக்கவில்லை.) நம் கவலை வேறு. அந்தத் தீர்ப்பின் வாதத்தை எந்தச் சாதிக் குடியிருப்பும் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மூர் அடுக்குமாடிகளிலோ அந்தச் சிரமம்கூட இல்லை. லபாடி அவென்யூவில் விலக்கு பத்திரத்தில் இருந்தது, அதனால் நீதிபதி முன்னால் வைத்து வாதாட முடிந்தது. இங்கே ‘சைவம் மட்டும்’, ‘வேலைக்காரம்மா லிப்டில் வரக்கூடாது’ என்று எல்லாம் வாய்மொழியாகவே நடக்கிறது. லிப்டும் மாடிப்படியும் மொட்டைமாடியும் பொதுச்சொத்து என்று பராமரிப்புக் கட்டணம் வாங்கும்போது மட்டும் நினைவுக்கு வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், ஒரு பகுதியின் பொதுச்சொத்தையும் சாலையையும் வழியையும் பட்டியல் சாதியினர் மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. மாடிப்படி வழி இல்லையா?

வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் ஒன்றுதான் சொல்லி அனுப்புகிறோம். ‘அசோசியேஷன் ஒத்துக்காது’ என்றால், எந்தக் கூட்டத்தில் எடுத்த முடிவு, துணைவிதியில் எத்தனையாவது விதி என்று எழுத்தில் கேளுங்கள். கேட்டவர்களுக்கு இதுவரை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கு வீடு கிடைத்தது.