நானூற்று இருபது: ஒரு வசைச்சொல்லின் கதை

மும்பைக்கு வந்த புதிதில், 1984 வாக்கில், சின்னதாய் ஒரு பாத்திரக்கடை போட்டிருந்தேன். மொத்த வியாபாரி ஒருவருக்குத் தர வேண்டிய பாக்கி இரண்டு மாதம் தள்ளிப் போயிற்று. அவர் கடை வாசலில் நின்று, பத்துப் பேர் பார்க்க, "நீ சார் சௌ பீஸ்!" என்று கத்தினார். நம்ம வந்தவாசிப் பக்கம் "சரியான ஃபோர்ட்வென்டி" என்போமே, அதேதான். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாளே பழைய சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்து உட்கார்ந்தேன்.

மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-இல் வரைவு கொடுத்தது. 1860-இல் அது சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. அதில் 415-ஆம் பிரிவு ஏமாற்றுதல் இன்னதென்று சொல்கிறது. வெறும் ஏமாற்றுக்கு 417; ஓராண்டு வரை சிறை. ஏமாற்றிப் பொருளைப் பறித்தால் 420. ஏழாண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 417-இல் போலீஸ் வாரண்டு இல்லாமல் பிடிக்க முடியாது. 420-இல் பிடிக்கலாம்; ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. கடைத்தெரு வாயில் 417 ஏறாமல் 420 ஏறியதற்கு இந்தப் பயமே காரணம் என்பது அடியேன் கருத்து.

1955-இல் ராஜ்கபூர் 'ஸ்ரீ 420' எடுத்தார். மோசடிக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'ஸ்ரீ'! நம்ம 'அவ்வை சண்முகி'யைக் கமல்ஹாசன் 1997-இல் இந்திக்குக் கொண்டுபோனபோது அது 'சாச்சி 420' ஆயிற்று.

சரி, நான் ஃபோர்ட்வென்டியா? சரக்கு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் 420. பிறகு பணம் முடைப்பட்டுத் தாமதமானால் அது கடன், மோசடி அல்ல. இதைப் படித்த பிறகுதான் மூச்சு வந்தது. நாலாம் மாதம் பாக்கியை முழுசாய்க் கொடுத்தேன். அவரே டீ வரவழைத்தார்.

2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதா. மொத்தமே 358 பிரிவுகள். அதில் 420 என்ற எண்ணே கிடையாது. அந்தக் குற்றம் இப்போது 318(4). ஆனால் எங்கள் கடைப் பையன் நேற்றும் ஒருத்தரை "ஃபோர்ட்வென்டி" என்றான். 318 என்று திருத்தப் போனால் என்னைத்தான் ஒருமாதிரி பார்ப்பான். சட்டம் போனாலும் சொல் போகவில்லை, அன்பர்களே. சொல்வதற்கு முன் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.