உயர் பகு எண்கள்

தன்னைவிடச் சிறிய எல்லா இயல் எண்களையும் காட்டிலும் அதிகக் காரணிகளைக் கொண்ட எண் உயர் பகு எண் எனப்படும். 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழுள்ள எந்த எண்ணும் நான்கைத் தாண்டுவதில்லை. அடுத்து வரும் 18, 20 ஆகியவை 12-ஐச் சமன் செய்வதோடு நின்றுவிட, 24 எட்டுக் காரணிகளுடன் சாதனையை முறியடிக்கிறது. இப்படிக் கிடைக்கும் வரிசை: 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840... தொடக்கத்திலுள்ள 1, 2 இரண்டும் பகு எண்களே அல்ல. ஆயினும் அவற்றைச் சேர்ப்பதே வழக்கம்.

பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் இலட்சிய நகரத்தின் குடிகளுக்கு 5040 என்ற எண்ணிக்கையை வகுத்தார். 1 முதல் 10 வரை எதனாலும் மீதியின்றிப் பங்கிடலாம் என்பதே காரணம். அதுவும் ஓர் உயர் பகு எண், காரணிகள் 60.

உயர் பகு எண்களுக்குப் பெயரிட்டு, முழுமையான கோட்பாடாக எழுப்பியவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், அடுத்த ஆண்டே லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் இதுபற்றிய நெடிய கட்டுரையை வெளியிட்டார். 1916-இல் அவருக்கு ஆராய்ச்சிவழி பி.ஏ. பட்டம் பெற்றுத் தந்தது இதுவே. உயர் பகு எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால், 2-இலிருந்து தொடங்கி இடையில் எந்தப் பகா எண்ணும் விடுபடாது. அடுக்குகள் ஒருபோதும் ஏறாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு, 4, 36 நீங்கலாக, எப்போதும் 1. 5040 = 2⁴ × 3² × 5 × 7 என்பதில் இந்த ஒழுங்கு அப்படியே தெரிகிறது. புதிய பகா எண் ஒன்றைச் சேர்த்தால் காரணிகள் இருமடங்காகும், ஆனால் எண்ணும் அந்தப் பகா எண்ணின் மடங்காகப் பெருகும். 2-இன் அடுக்கைக் கூட்டினால் செலவு குறைவு, வரவும் குறைவு. இந்தக் கணக்கு நேர்படும் இடங்களில்தான் சாதனைகள் பிறக்கின்றன.

நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களை அவர் கையாலேயே கணக்கிட்டு அட்டவணைப்படுத்தினார். அதன் கடைசி எண் 6746328388800, காரணிகள் 10080. இவ்வளவு பெரும் பணியில் விடுபட்டது 293318625600 என்ற ஒன்றே. கடைசி எண்ணை 23-ஆல் வகுத்தால் அது கிடைக்கும்.

தொடக்கத்தில் சாதனைகள் இரட்டித்து இரட்டித்துத் தாவுகின்றன. போகப்போக அடுத்தடுத்த இரண்டின் விகிதம் 1-ஐ நெருங்குகிறது. இதையும் ராமானுஜனே நிறுவினார். ஒரு வரம்புவரை எத்தனை உயர் பகு எண்கள் உண்டு என்ற கேள்வியை ஹங்கேரியின் பால் ஏர்டிஷ் எடுத்துக்கொண்டார். அந்த எண்ணிக்கை வரம்பின் மடக்கையைவிட வேகமாக வளர்கிறது என்று 1944-இல் காட்டினார். மடக்கையின் ஓர் அடுக்குக்குள் அது அடங்கிவிடும் என்று பிரான்சின் ழான் லூயி நிக்கோலா 1971-இல் காட்டினார்.

போர்க்காலப் பணமுடையால் அச்சேறாது போன ராமானுஜன் கட்டுரையின் பிற்பகுதியை நிக்கோலாவும் கி ரொபினும் குறிப்புகளுடன் 1997-இல் வெளியிட்டனர். இன்று கணினிகள் பல லட்சம் உயர் பகு எண்களைப் பட்டியலிட்டுள்ளன.