பருத்தி மூடையும் கமிஷன் கணக்கும்

பாலவனத்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர், 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச்சங்கம் கண்ட ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஒரு கடைத்தெரு வரலாறும் உண்டு.

விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் காடு. 1876-ல் மதுரை - தூத்துக்குடி ரயில் வந்த பிறகு விருதுநகர் (அன்று விருதுபட்டி) பெரிய சந்தையாக வளர்ந்தது. பருத்தியும் மிளகாய் வற்றலும் அங்கே கமிஷன் கடைகள் வழியாக விலை போயின.

கமிஷன் கடைக்காரர் யார்?

விவசாயியின் சரக்கை அவர் சார்பில் விற்றுக் கொடுத்து, அதில் கமிஷன் எடுத்துக்கொள்பவர். இன்றைய விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு வகையில் முன்னோடி. சட்டப்படி விவசாயி 'முதல்வர்', கடைக்காரர் 'முகவர்'. கணக்குச் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்!

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்வது:

- பிரிவு 213: முதல்வர் கேட்டால் முகவர் சரியான கணக்குக் காட்ட வேண்டும்.
- பிரிவு 216: முதல்வருக்குத் தெரியாமல் முகவர் தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த லாபத்தை முதல்வர் கேட்கலாம்.
- பிரிவு 219: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வேலை முடிந்த பிறகே கமிஷன்.
- பிரிவு 220: முறைகேடாக நடத்திய பகுதிக்குக் கமிஷன் கிடையாது.

இவ்வளவு இருந்தும் விவசாயி ஏன் வாய் திறக்கவில்லை?

காரணம் முன்பணம். விதைக்கும்போதே கடைக்காரரிடம் கடன் வாங்கியாயிற்று. பிறகு வேறு கடைக்குப் போக முடியுமா? பிரிவு 202 இதையே சட்டமாக்குகிறது. அதற்குத் தரப்பட்ட உதாரணமே பருத்திதான். ஒருவர் 1,000 பேல் பருத்தியை, அதன் மேல் முன்பணம் கொடுத்தவரிடமே அனுப்பி, விற்றுக் கடனைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த அதிகாரத்தை அவர் திரும்பப் பெற முடியாது! கடன் கொடுத்தவரே விற்பவர் என்றால், கணக்குக் கேட்கும் உரிமை ஏட்டில்தான் இருக்கும்.

சந்தைக்கு வந்த சட்டம்

துணிக்குள் விரல் பிடித்து விலை பேசுவது, எடையில் குறைப்பது, தர்மத்துக்கு என்று பிடிப்பது... இவை பற்றியெல்லாம் 1928-ல் ராயல் விவசாய கமிஷன் எழுதியது. சென்னை மாகாணம் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. 1936-ல் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. இன்று அருப்புக்கோட்டையிலும் உண்டு. அங்கே விவசாயிக்குக் கமிஷன் பிடித்தம் கிடையாது. கட்டணம் வாங்கும் வியாபாரிக்குத்தான். சரக்கை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடனும் பெறலாம். உண்மையான மாற்றம் இதுதான். கடனும் விற்பனையும் ஒரே கையில் இல்லாதபோதுதான் 213-க்கு உயிர் வருகிறது.

பி.காம். முடித்து விற்பனை வேலைக்குப் போகிறவர்கள் இன்று முகவரின் இடத்தில் நிற்கிறார்கள். மருந்து விற்பனைப் பிரதிநிதி 'தொழிலாளி' அல்ல என்று 1961-ல் மே அண்ட் பேக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1976-ல் தனிச் சட்டம் வந்து, நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியது. அந்தக் கடிதத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. கமிஷன் ஆர்டர் பிடித்ததற்கா, பணம் வசூலானதற்கா? சரக்குத் திரும்பி வந்தால் என்ன? வேலையை விட்ட பிறகு வரும் பணத்தில் பங்கு உண்டா? கையெழுத்துக்கு முன் கேட்டால் இது கேள்வி. பின்னால் கேட்டால் வழக்கு.