சுத்த சமாஜம்: நிழலிழந்த பிள்ளைகளுக்கு ஒரு வீடு



நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் எனக்கு, ஒரு மாணவர் தொடர்ந்து பள்ளிக்கு வராதபோது முதலில் எழும் வினா, "வீட்டில் யார் இருக்கிறார்?" என்பதே. இவ்வினாவிற்கு நம்மவர் கண்ட விடைகளுள் ஒன்று சுத்த சமாஜம்.

அக்காலத் தோட்டங்களில் பிள்ளைகளுக்குச் சில ஏற்பாடுகள் இருந்தன. பெற்றோர் பால்மரம் வெட்டச் சென்ற வேளையில் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகை பார்த்துக்கொண்டது. ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பணித்தது. ஆயினும் இவை யாவும் பெற்றோரின் உழைப்பைச் சார்ந்தே நின்றன. லயத்து வீடு வேலை செய்பவருக்கே உரியது. அவர் மறைந்தால் பிள்ளையின் நிழலும் மறைந்தது.

சப்பானியர் ஆட்சியில் இது பெருந்துயராயிற்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சுமார் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண இரயில் பாதையை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்டவர் மிகப் பலர். தந்தை திரும்பாத வீடுகளில் தாயும் பிள்ளைகளும் தனித்து நின்றனர்.

போரின் வடு ஆறாத அக்காலத்தில், ஈப்போவில் பிறந்த சுவாமி சத்தியானந்தா 1949இல் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தைத் தோற்றுவித்தார். 1952இல் பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம் உருவானது. உணவும் உறைவிடமும் மட்டும் போதா, கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும், எல்லாச் சமயங்களையும் மதிக்கும் பண்பும் வேண்டும் என்பது அதன் நோக்கம். 1961இல் சுவாமி மறைந்த பின்னர், அன்னை மங்களம் அப்பணியைத் தோளில் சுமந்தார். 2010இல் மெர்டேக்கா விருது பெற்ற அவர், 2023இல் தம் 97ஆம் வயதில் மறையும்வரை அப்பிள்ளைகளின் தாயாகவே வாழ்ந்தார்.

இன்று நம் மாநிலத்தில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சிரம்பான், நீலாய் வட்டாரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு ஆயாக்கொட்டகையும் இல்லை, அடுத்த லயத்து அத்தையும் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளை பாட்டி வீட்டில் ஒதுங்கும்போது, பிறப்புச் சான்றிதழ் முதல் பள்ளிச் சீருடைவரை ஒவ்வொன்றும் தடையாகிறது.

எல்லாப் பிள்ளைகளையும் ஓர் இல்லம் தாங்க இயலாது. முதலில் கண்டறிபவர் வகுப்பாசிரியரும் அண்டை வீட்டாருமே. எனவே ஆசிரியர்களே, வருகைப் பதிவேட்டில் விழும் தொடர் வெற்றிடங்களை வெறும் மட்டம் எனக் கருதாதீர்கள். வீடுவரை சென்று விசாரியுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் தோழன் யாருடைய பொறுப்பில் வளர்கிறான் என்பதைக் கேட்டறியுங்கள். தேவையெனில் தலைமையாசிரியரிடமும் சமூக நல இலாகாவிடமும் தெரிவியுங்கள்.

காலத்தே கேட்கும் ஒரு கேள்வி, ஒரு பிள்ளையின் வாழ்வைக் காக்கும்.