சவரக் கிண்ணத்தின் வரலாறு

தை பிறப்பதற்கு முந்திய வாரங்களில் வடநாட்டுக் குளிர் வாட்டும்போது, தென்னாட்டிலிருந்து வந்த நாம் பெரிதும் அஞ்சுவது விடியற்காலைச் சவரத்துக்கே. குழைத்த நுரை கன்னத்தில் படுவதற்குள் பனிநீர்போல் குளிர்ந்துவிடுகிறது. அதிகாலை வேலைக்குச் செல்லும் இருப்புப்பாதை ஊழியர்க்கு இத்துன்பம் நன்கு தெரியும். நுரையின் வெம்மையைக் காக்க மேலைநாட்டார் கண்ட வழியையும், அதனை அடுத்து நேர்ந்த ஒரு துயரத்தையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலில், வெம்மை எதற்கு? தாடி மயிர் நீரை உறிஞ்சினால்தான் மென்மையாகிக் கத்திக்கு இணங்கும். வெந்நீரில் அது விரைவில் நிகழ்கிறது. ஆயினும் கொதிநீர் ஆகாது. சூடு மிகுந்தால் குமிழிகளின் நீர் விரைந்து வடிந்து நுரை அடங்கிவிடும். பிரஷ்ஷின் மயிரும் கெடும். கை பொறுக்கும் சூடே தக்க அளவு. உப்பு மிகுந்த கடின நீரோ, சோப்போடு சேர்ந்து வெறும் கசடாகத் திரியும். முன்னாளில் நீராவி இன்ஜினின் கொதிகலனில் சுண்ணாம்புப் பொருக்கு படிந்ததற்கும் அத்தகைய நீரே காரணம்.

வெம்மையைக் காக்கும் பாத்திரம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெருவழக்காயிற்று. அகன்ற மூக்குடைய கூஜா போன்ற பீங்கான் பாத்திரம் அது. அடியில் வெந்நீர் நிற்கும். மேலே துளையிட்ட தட்டில் சோப்பு இருக்கும். மூக்கின் வழியே பிரஷ்ஷை நீரில் தோய்த்துச் சோப்பில் தேய்த்தால், கீழுள்ள நீரின் சூடு நுரைக்கும் சோப்புக்கும் துணைநிற்கும். கரி அள்ளும் வாளியின் வடிவை ஒத்திருந்தமையால் ஆங்கிலத்தில் அவ்வாளியின் பெயராகிய ‘ஸ்கட்டில்’ என்பதே இதற்கும் பெயராயிற்று.

அமெரிக்காவில் 1870 முதல் 1920 வரையிலான காலத்தில் இக்கிண்ண வழக்கம் வேறொரு வகையில் தழைத்தது. சலூன் சுவரில் வரிசையாக அறைகள் அமைத்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் கிண்ணத்தையும் தனித்தனியே வைத்தனர். ஒருவர் முகத்துப் படை மற்றவர்க்குத் தொற்றும் என்ற அச்சமே அதற்குக் காரணம். கிண்ணத்தில் உரியவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்து, அவர் தொழிலையும் ஓவியமாகத் தீட்டினர். கொல்லனுக்குப் பட்டறை, ரயில்வேக்காரருக்கு இன்ஜின். தம் தொழிலைத் தம் கிண்ணத்தில் கண்டு மகிழ்ந்த அத்தொழிலாளரை எண்ணும்போது நமக்கும் பெருமிதம் உண்டாகிறது.

இனித் துயரத்தைக் கூறுவோம். பேட்ஜர் என்னும் பிராணியின் மயிரே பிரஷ்ஷுக்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. முதல் உலகப் போரினால் ஐரோப்பாவில் மயிர் வாணிகம் குலைந்தபோது, கீழ்நாடுகளின் குதிரை மயிரைப் பேட்ஜர் மயிர்போல் தோன்றச் செய்து மலிவான பிரஷ்கள் கட்டினர். அம்மயிர் செம்மையாகத் தூய்மை செய்யப்படவில்லை. கால்நடைகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் நுண்வித்துக்கள் அதில் ஒளிந்திருந்தன. கத்தி கீறிய சிறு காயம் வழியே அவை உட்புகுந்தன. அமெரிக்க, பிரிட்டிஷ் போர்வீரரும் பொதுமக்களுமாக இருநூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். பிரிட்டன் 1920-இல் ஜப்பானியச் சவரப் பிரஷ்களின் இறக்குமதியைத் தடை செய்தது.

முகத்துக்கு இதம் தந்த அந்த வெந்நீர் அக்கிருமியை ஏன் கொல்லவில்லை? கை பொறுக்கும் சூடு மயிரை இளக்கும், அந்நுண்வித்தை அழிக்காது. இதமான வெம்மை வேறு, தூய்மை செய்யும் வெம்மை வேறு. இவ்வுண்மையை அறிய அத்தனை உயிர்களை விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

பின்னர்க் காலம் மாறியது. கிங் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற பாதுகாப்புச் சவரக் கருவி, 1918-இல் சுமார் 35 லட்சம் அமெரிக்கப் போர்வீரர்க்கு வழங்கப்பட்டது. வீடு திரும்பியோர் தாமே சவரம் செய்யப் பழகினர். சலூன் கிண்ணங்கள் தூசி படிந்தன. 1949-இல் அழுத்தினால் நுரை பொங்கும் டப்பாவும் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

நாம் முதன்முதல் வேலையேற்று இவ்வூர் வந்தபோது, ஓர் அறையில் நால்வர் தங்கி, ஒரே பிரஷ்ஷையும் ஒரே கிண்ணத்தையும் பகிர்ந்துகொண்டோம். ஒரு மாதத்தில் நால்வர் மோவாயிலும் படை! அன்று சிக்கனம் என்று எண்ணியது பின்னர் மருந்துச் செலவாய் முடிந்தது. எனவே, புதிதாக இங்கு வரும் நம் தமிழ் இளைஞர்க்குச் சொல்லுவோம்: குவளையை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி நுரையின் சூட்டைக் காத்துக்கொள்ளுங்கள், பிரஷ்ஷை அலசி, உதறி, காற்றில் உலர விடுங்கள். உணவையும் உறைவிடத்தையும் உவந்து பகிர்வோம். பிரஷ்ஷை மட்டும் அவரவர் தனியே வைத்துக்கொள்வோமாக.