தொலைநோக்கியும் காமிராவும்

வானத்தை நோக்குவது மனித குலத்தின் மிகப் பழைய பழக்கம். நோக்கியதை நோக்கியவாறே பதிவு செய்து வைப்பதோ மிக அண்மையில் கைவந்த கலை. 1609ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியைச் சந்திரன்பால் திருப்பினார். அதன் பின்னர் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக, கண்டதைக் கையால் வரைந்து காட்டுவதன்றி வானநூலாருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரே விண்முகிலை இருவர் கண்டு வரைந்தால் இரண்டு விதமான படங்கள் கிடைத்தன. மாறுபட்டது வானமா, வரைந்தவர் கையா என்று எவராலும் துணிந்து சொல்ல இயலவில்லை. இந்த ஐயத்தைத் தீர்க்க வந்த கருவியே காமிரா. கண்ணாடித் தட்டில் தொடங்கிய அதன் பயணம், இன்று நம் வீட்டு மாடியில் வைக்கத்தக்க டிஜிட்டல் காமிராவில் வந்து நிற்கிறது. அந்தப் பயணத்தின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

நம் கண் வியத்தகு உறுப்புத்தான். ஆயினும் அதற்கு ஒரு குறை உண்டு. அது ஒளியைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் வந்து சேர்ந்த ஒளியைக் கொண்டே அது பார்க்கிறது. ஒரு மணி நேரம் உற்று நோக்கினாலும் மங்கிய பொருள் மங்கியதாகவே தோன்றும். இரசாயனப் பூச்சுப் பெற்ற தட்டு அப்படியன்று. சிறுகச் சிறுக வரும் ஒளியை அது சேமித்துக்கொண்டே போகும்.

1840ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர் சந்திரனைப் படம் பிடித்தார். 1850இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேகா என்னும் விண்மீனின் படம் எடுக்கப்பட்டது. 1880இல் டிரேப்பரின் மகன் ஹென்றி டிரேப்பர், ஏறக்குறைய 50 நிமிட நேரம் தட்டைத் திறந்து வைத்து ஓரியன் விண்முகிலைப் பதிவு செய்தார். 1883இல் இங்கிலாந்தின் ஆன்ஸ்லி காமன் எடுத்த அதே விண்முகிலின் படம் ஒரு புதிய உண்மையை உலகுக்கு அறிவித்தது. தொலைநோக்கி வழியே பார்த்தும் கண்ணுக்குப் புலப்படாத விண்மீன்கள் அந்தத் தட்டில் புலப்பட்டன. அன்று முதல் காமிரா கண்ணுக்குத் துணை என்ற நிலை மாறியது. கண்ணை மிஞ்சிய கருவி என்ற நிலை வந்தது.

இந்தக் கலை நம் நாட்டுக்கு வந்த கதையும் சுவையானது. 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்து அறிஞர்கள் ஆந்திரப் பகுதிக்கு வந்தனர். குண்டூரில் முகாமிட்டிருந்த மேஜர் டென்னன்ட் அக்கிரகணத்தைப் படம் பிடித்தார். அக்காலத்துத் தட்டுகள் ஈரமாக இருக்கும்போதே ஒளி காட்டப்பட வேண்டும். உலர்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். சில நிமிடங்களே நீடிக்கும் கிரகண வேளையில், ஆகஸ்டு மாதத்து வெப்பத்தில், கூடாரத்துக்குள் இரசாயனப் புட்டிகளுடன் அவர்கள் பட்டிருக்கக் கூடிய பாட்டை நாம் எண்ணிப் பார்க்கலாம். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்து சென்ற நிகழ்ச்சியையும் ரூர்க்கியிலிருந்து அவர் படமெடுத்தார். அதே காலத்தில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாசாரியார் அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறு நூல் எழுதினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1899இல் சென்னை வானாய்வகத்தின் பணி கோடைக்கானல் மலைக்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் முதல், வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்து வைக்கும் வழக்கம் அங்கு வேரூன்றியது. சூரியக் கறைகளில் வாயுக்கள் ஆரப்போக்காக வெளிநோக்கிப் பாய்கின்றன என்பதை 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே கண்டறிந்ததும் இத்தகைய பதிவுகளின் துணை கொண்டுதான்.

ஐதராபாத்தில் வாழும் நம்மவர்கள் தங்கள் நகரத்தின் பங்கையும் அறிந்திருத்தல் நன்று. நவாப் ஜாபர் ஜங் நிறுவிய நிஜாமியா வானாய்வகம், வானம் முழுவதையும் படமெடுத்து விண்மீன்களின் இருப்பிடங்களைக் கணக்கிடும் பன்னாட்டுத் திட்டத்தில் பங்கேற்றது. 1887இல் பாரிஸ் மாநாட்டில் பிறந்த திட்டம் அது. விண்வெளி நடுக்கோட்டுக்குத் தெற்கே 17 முதல் 23 பாகை வரையிலான வான்பகுதி ஐதராபாத்தின் பொறுப்பில் வந்தது. இலட்சக்கணக்கான விண்மீன்களின் இருப்பிடங்கள் தட்டுகளிலிருந்து ஒவ்வொன்றாக அளந்தெடுக்கப்பட்டன. அந்த வானாய்வகத்தில் பணியாற்றிய ஒருவரின் மகனாக, 1927இல் சென்னையில் பிறந்தவரே வைணு பாப்பு. 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த தட்டொன்றில் புதிய வால்மீன் ஒன்றை அவர் கண்டார். பின்னர் வட ஆர்க்காட்டு ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் உருவாவதற்குக் காரணமாயிருந்தவரும் அவரே.

நூறு ஆண்டு காலம் வானநூலுக்கு உழைத்த அந்தத் தட்டுக்குக் குறை இல்லாமல் இல்லை. அதன்மேல் விழும் ஒளித்துகள்கள் நூற்றில் ஒன்றோ இரண்டோ மட்டுமே படமாகப் பதிந்தன, எஞ்சியவை வீணாயின. நேரம் செல்லச் செல்லத் தட்டு சோர்வுற்று, வரும் ஒளிக்கு ஏற்ற அளவில் பதியாமற் போயிற்று. சோர்வைப் போக்கத் தட்டுகளை அடுப்பிலிட்டுச் சூடாக்கியும், ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்தும் பார்த்தார்கள். தொலைநோக்கியின் ஆடியை எவ்வளவுதான் பெரிதாக்கினாலும், அது திரட்டித் தந்த ஒளியில் பெரும்பகுதி தட்டின் வாசலிலேயே இழக்கப்பட்டது.

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1969 அக்டோபரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர், மின்னேற்றத்தைச் சேமித்து இடம் மாற்றும் ஒரு சிலிக்கான் சில்லைத் திட்டமிட்டனர். அவர்கள் முதலில் கருதியது கணிப்பொறிக்கான நினைவகத்தை, வானத்தை அன்று. ஆயினும் அந்தச் சில்லு ஒளியை உணர்வதில் வல்லது என்பது விரைவிலேயே தெரிந்தது. அதுவே ‘சி.சி.டி.’ எனப்படுவது. 2009ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசில் இவ்விருவரும் பங்கு பெற்றனர்.

அது வேலை செய்யும் முறையை ஓர் உவமையால் விளக்கலாம். ஊரில் தீப்பிடித்தால் கிணற்றடி முதல் தீப்பிடித்த வீடு வரை மக்கள் வரிசையாக நின்று குடங்களைக் கைமாற்றி அனுப்புவார்கள் அல்லவா? சில்லின்மேல் இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் விழும் ஒளி எலெக்ட்ரான்களாக மாறித் தங்குகிறது. காட்சி முடிந்ததும் ஒவ்வொரு கட்டமும் தன்னிடமுள்ளதை அடுத்த கட்டத்துக்குக் கைமாற்றுகிறது. வரிசையின் கடைசியில் ஒவ்வொரு குடமும் அளக்கப்பட்டு ஓர் எண்ணாகிறது. அந்த எண்களின் கூட்டமே படம். நூறு ஒளித்துகள்களில் எண்பதையும் தொண்ணூறையும் பிடித்து வைக்கத்தக்க சில்லுகள் இன்று உள்ளன. இரு மடங்கு ஒளி வந்தால் இரு மடங்கு எண் காட்டும் நேர்மையும் அவற்றுக்கு உண்டு. அளந்து ஆராயும் விஞ்ஞானிக்கு அழகிய படத்தைவிட இந்த நேர்மையே பெரிது.

1975இல் கோடாக் நிறுவனத்தின் ஸ்டீவன் சாசன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா, நூறுக்கு நூறு கட்டங்களே கொண்டது. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. 1990இல் விண்ணேறிய ஹப்பிள் தொலைநோக்கி, சி.சி.டி. காமிராக்களையே கண்களாகக் கொண்டு சென்றது. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் ஹான்லே என்னுமிடத்தில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கிக்கு, தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியாக அதை இயக்குகிறார்கள். காட்சி எண்களாகிவிட்டதனால்தான் இமயத்து வானம் தக்காணத்துக்கு ஒரு நொடியில் வந்து சேர முடிகிறது.

வானாய்வகங்களில் தொடங்கிய இந்தக் கருவி, 1990களிலும் அதன் பின்னரும் பொழுதுபோக்காக வானத்தை நோக்குவோர் கைக்கும் வந்தது. இன்று சி.மாஸ் என்னும் வகைச் சில்லு அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஆனால் காமிராவைத் தொலைநோக்கியில் பொருத்திவிட்டால் மட்டும் படம் வந்துவிடாது. பூமி நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் சுழல்வதால், விண்மீன்கள் கோடுகளாக இழுபடும். ஆதலால் தொலைநோக்கியைத் தாங்கும் பீடம் எதிர்த் திசையில் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். அதன் அச்சு வானத்து வடதுருவத்தை நோக்கியிருக்க வேண்டும். இங்கேதான் இடம்பெயர்ந்து வாழும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சென்னையில் துருவம் 13 பாகை உயரத்தில் நிற்கிறது, மும்பையில் 19, தில்லியில் 28க்கும் மேல். சென்னையில் அமைத்த பீடத்தைத் தில்லிக்குக் கொண்டுபோனால் அதன் அச்சை 15 பாகை உயர்த்தியாக வேண்டும்.

வானமும் அதற்கேற்பச் சாய்கிறது. அகத்தியர் பெயர் பூண்ட விண்மீன், சென்னையில் தெற்கே 24 பாகை வரை எழுகிறது. தில்லியில் அது 9 பாகையைக்கூட எட்டுவதில்லை; அடிவானத்துப் புழுதியில் மங்கிவிடுகிறது. அதற்கு ஈடாக வடவானத்து அண்டங்கள் பல, தில்லியில் வாழ்வோருக்கு நன்கு உயர்ந்து காட்சி தருகின்றன. குடிபெயர்ந்தவன் இழப்பதும் பெறுவதும் வானத்திலும் உண்டு போலும்!

ஒரே நீண்ட படத்துக்குப் பதிலாகச் சிறு சிறு படங்கள் பலவற்றை எடுத்துக் கணிப்பொறியால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது இன்றைய முறை. நூறு படங்களை அடுக்கிச் சராசரி கண்டால், தற்செயலான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. காமிராவை மூடி எடுத்த இருட்படத்தைக் கழித்துச் சில்லின் சொந்தக் குறைகளை நீக்குகிறார்கள். சீரான ஒளியில் எடுத்த படத்தால் வகுத்து, தூசியின் நிழலையும் ஓரத்து மங்கலையும் போக்குகிறார்கள். ‘இவ்வளவு திருத்திய பின் அது உண்மைப் படந்தானா?’ என்று சிலர் கேட்பதுண்டு. கருவியின் பிழையை நீக்குவது உண்மையை நெருங்குவதே. வானத்தில் இல்லாததைச் சேர்ப்பதுதான் பொய். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டைக் காப்பது படமெடுப்பவரின் மனச்சான்று. மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருப்பவர் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பதை என்றும் மெய்ப்பிக்க இயலும்.

பாதுகாப்பைப் பற்றிய கவலை இங்கேதான் எழுகிறது. கோடைக்கானலின் பழைய தட்டுகள் நூறாண்டு கடந்தும் நிலைத்தன. அதனால்தான் அவற்றை இன்று டிஜிட்டல் முறையில் மறுபதிவு செய்து, சூரியனின் நூறாண்டு வரலாற்றை உலக அறிஞர்களுக்கு அளிக்க முடிந்திருக்கிறது. ஆனால் நாம் இன்று எடுத்து எங்கோ சேமித்து வைக்கும் எண்கள், படிக்கும் கருவி மாறினாலோ, கவனிப்பார் இல்லாமற் போனாலோ, ஓசையின்றி மறைந்துவிடும். கண்ணாடி உடைந்தால் துண்டாவது மிஞ்சும். எண் அழிந்தால் எதுவும் மிஞ்சாது. எடுத்த நாள், நேரம், இடம் ஆகிய குறிப்புகளுடன், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் படங்களைப் போற்றி வைப்பது எடுப்பதைவிடச் சிறிய கடமையன்று.

மற்றொரு கவலையும் உண்டு. நகரங்களின் விளக்கொளி ஆண்டுதோறும் இருளைத் தின்று வருகிறது. 2022இல் ஹான்லேப் பகுதி இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இருளுக்கும் காவல் வேண்டியதாகிவிட்ட காலம் இது. சில்லு எவ்வளவு நுட்பமானதாயினும், விளக்கொளியில் மூழ்கிய விண்முகிலை முழுமையாக மீட்டுத் தராது.

ஆதலின், எந்த மாநிலத்தில் குடியிருந்தாலும், அந்தந்த ஊர் வானத்தை நாம் அறிந்துகொள்வோம். வேண்டாத விளக்கை அணைப்போம். நம் பிள்ளைகளை ஓர் இரவேனும் நகரத்துக்கு வெளியே அழைத்துச் சென்று, முதலில் வெறுங்கண்ணால் வானத்தைக் காணச் செய்வோம். காமிரா அதன் பின்னர் வரட்டும். கண்டு வியந்தவன் கையில்தான் அது சிறந்த கருவியாகும்.