லாக்கும் லெட்ஜரும்

நான் பி.காம். படித்த வங்கிக்காரன், மும்பைவாசி. பொட்டி தட்டத் தெரியாது. ராத்திரி ஓடும் எங்கள் புரோகிராமின் லாக்கில், வேறு யாரோ எழுதிய லைப்ரரி பக்கம் பக்கமாய்ப் புலம்பும். கடுப்பில் "எல்லாத்தையும் நிறுத்துப்பா" என்றேன். அடுத்த வாரம் புரோகிராம் பாதியில் நின்றது. காரணம் சொல்ல ஒரு வரி இல்லை!

அப்புறம்தான் சரித்திரம் படித்தேன். 1990களின் கடைசியில் ஜாவாவுக்கு ஜெகி குல்ஜுவின் லாக்4ஜே வந்தது: ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெயர், தனி மட்டம். அந்த வழியில் வினய் சாஜிப் எழுதிய 'லாகிங்' மாட்யூல் 2003-இல் பைத்தான் 2.3-இல் சேர்ந்தது. லைப்ரரியின் பெயருக்கு 'வார்னிங்' மட்டம் வைத்தால் வம்பளப்பு நிற்கும், எச்சரிக்கையும் பிழையும் தப்பாமல் வரும். 2010-இல் பைத்தான் 2.7-இல் 'நல்ஹேண்ட்லர்' வந்தது: லைப்ரரி சும்மா இருக்கும், பேசவிடுவது நம் முடிவு.

இரைச்சலைக் குறைக்கலாம் மக்களே, லெட்ஜரையே மூடக்கூடாது.